பாட்டிக்கும் ஓர் ஓய்வு நாள்

நண்பகல் கடந்து பள்ளி மணி ஒலிக்கும் வேளையில், செமோர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் வாசலில் சற்றே நின்று பாருங்கள். ஒரு கையில் குடையும் மறு கையில் தண்ணீர்ப் புட்டியுமாக வேலியோரத்து நிழலில் காத்திருப்போர் யாவர்? தந்தையர் சிலர் இருப்பர். தாய்மாரும் சிலர் இருப்பர். ஆயினும், மழையானாலும் வெயிலானாலும் தவறாமல் அங்கே நிற்போர் பாட்டிமாரே. மணி ஒலித்ததும் ஓடிவரும் பேரனின் கனத்த புத்தகப் பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு, பேத்தியின் கையைப் பற்றிச் சாலையைக் கடக்கும் அம்மூதாட்டியரை நாம் நாள்தோறும் காண்கிறோம். நாள்தோறும் காண்பதனாலேயே அவர்களைப் பற்றி எண்ணிப் பார்க்க மறந்து விடுகிறோம்.

இவ்வாண்டு மலரின் வாயிலாக அவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அவர்களைப் புகழ்வது மட்டும் நம் நோக்கமன்று. புகழுரை எளிது, அதற்குச் செலவில்லை. நாம் வைக்க விரும்புவது ஒரு கோரிக்கை. பாட்டி செய்வது அன்புப் பணி என்பதில் ஐயமில்லை; ஆனால் அது பணியும் ஆகும். பணி செய்வோர் எவர்க்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் பாட்டிக்கு முழு ஓய்வு அளிக்க நம் குடும்பங்கள் முன்வர வேண்டும். இதுவே நாம் சொல்ல வந்த கருத்து.

இக்கோரிக்கையின் பொருளை உணர்வதற்கு, தோட்ட வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். பேரா மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. செமோரிலிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டைக் கடந்து சென்றால் வரும் கோலகங்சாரில், 1877ஆம் ஆண்டிலேயே ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் நம் வட்டாரமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் உழைக்க நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர்.

ரப்பர் மரம் வெட்டும் தொழிலுக்கு ஓர் இயல்பு உண்டு. வெயில் ஏறுமுன், குளிர்ந்த காலைப் பொழுதில்தான் மரத்தில் பால் நன்கு சுரக்கும்; வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, இருள் பிரியுமுன்பே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாகத் தொழிலாளர் தத்தம் நிரைக்குச் சென்றுவிட வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. கணவர் மட்டுமன்று, மனைவியும் வெட்டினால்தான் குடும்பம் நடக்கும். அவ்வாறாயின், தொட்டிலில் உறங்கும் குழந்தையை அந்த விடியாப் பொழுதில் யாரிடம் விட்டுச் செல்வது?

அதற்கு விடையாகத் தோட்டங்களில் இருந்ததே ஆயாக் கொட்டகை. மரம் வெட்டும் வலிமை குன்றிய மூத்த பெண்களே பெரும்பாலும் அங்கே ஆயாவாக அமர்த்தப்பட்டனர். சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும்; ஒன்றை ஆட்டும் கையே மற்றொன்றையும் ஆட்டும். தாய்மார் காலையில் ஒப்படைத்துச் சென்ற பிள்ளைகளை, அவர்கள் பாலை எடை போட்டுவிட்டுத் திரும்பும்வரை அந்த ஆயாதான் காத்து வந்தார். அதற்காகத் தோட்டம் அவருக்குக் கூலி கொடுத்தது. கூலி பெரிதன்று. ஆயினும், பிள்ளை வளர்ப்பது ஒரு வேலை என்பதை அந்தத் தோட்டக் கணக்குப் புத்தகமே ஒப்புக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். நம்மவரில் சில குடும்பத்தார் பாட்டியை 'ஆயா' என்றே அழைப்பர். சிலர் அம்மாச்சி என்பர். சிலர் அப்பாயி என்பர். ஆக, பிள்ளைகளைப் பெற்றவளைப் பெற்றவளும் ஆயா. கொட்டகையில் கூலிக்குப் பிள்ளைகளைப் பார்த்தவளும் ஆயா. ஒரே சொல் இருவருக்கும் பொருந்தியது. ஆனால், கூலி பெற்ற ஆயாவுக்கு வேலை முடியும் நேரம் என்று ஒன்று இருந்தது. வீட்டு ஆயாவுக்கு அது இல்லை.

காலம் மாறிற்று. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனை நின்ற நிலத்திலும் பின்னர் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறின. மரம் வெட்டியவரின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைக்கும், ஈப்போவின் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். சிலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கின்றனர். இது முன்னேற்றமே, வருந்துவதற்குரியதன்று.

ஆயினும், இம்மாற்றத்தில் ஒன்று நம் கண்ணுக்குத் தப்பிவிட்டது. தோட்டம் போனபோது ஆயாக் கொட்டகையும் உடன் போயிற்று. கொட்டகை போயிற்றேயன்றி, அது செய்த வேலை போகவில்லை. தாய்மார் இன்றும் விடியுமுன் புறப்படுகின்றனர். இரவு முறை வேலைக்கும் செல்கின்றனர். ஒரு தோட்டமே பொறுப்பேற்றிருந்த அந்த வேலை, இன்று ஒரு வீட்டில் ஒரேயொரு மூதாட்டியின் தோள்மீது இறங்கியிருக்கிறது. லயத்தில் வாழ்ந்தபோது அவருக்குத் துணையேனும் இருந்தது. வாசல் திண்ணையில் அமர்ந்தால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் எதிர் வீட்டு அத்தையும் வந்து அமர்வர். ஒருவர் சமைக்கையில் மற்றவர் பிள்ளையைத் தூக்கிக்கொள்வர். இன்றோ இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு, நான்கு சுவர்களுக்குள் பிள்ளைகளோடு தனித்திருக்கிறார்.

அத்தகைய ஒரு பாட்டியின் நாளைப் பார்ப்போம். அவர் பெயர் வேண்டா. உங்கள் பாட்டியின் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்து மணிக்கு அவர் எழுகிறார். இளமையில் பிரட்டுக்கு எழுந்த பழக்கம் உடம்பில் ஊறிக் கிடக்கிறது, எழுப்புமணி தேவையில்லை. சாமி விளக்கை ஏற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறார். மகளுக்குச் சோறு கட்ட வேண்டும். மருமகனுக்குக் காப்பி கலக்க வேண்டும். இரண்டாம் வகுப்புப் பேரனை எழுப்பிக் குளிப்பாட்டி, சீருடை அணிவித்து, மைலோ குடிக்க வைத்துப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டும். வேன் புறப்பட்டதும் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். எட்டு மணிக்கு அடுத்த தாமானிலிருக்கும் மகன் தன் பெண் குழந்தையைக் கொண்டுவந்து விடுவான். துணி துவைத்தல், சமையல், தூளி ஆட்டுதல் ஆகிய யாவும் நண்பகலுக்குள். பிற்பகலில் பேரன் வந்ததும் சோறு, வீட்டுப்பாடம், சண்டை தீர்த்தல். மாலையில் கோலாலம்பூரிலுள்ள இளைய மகள் கைப்பேசியில் அழைத்துத் தன் வீட்டுக் குறையைச் சொல்லி அழுவாள். அவளையும் தேற்ற வேண்டும். ஞாயிறன்று எல்லாரும் கூடுவர். கூடும் நாளில்தான் பாட்டிக்கு வேலை இரட்டிப்பாகும். அனைவரும் உண்டு எழுந்தபின், எஞ்சிய சோற்றில் இரசத்தை ஊற்றிக்கொண்டு அவர் தனியே அமர்வார்.

இந்நாளில் ஓய்வு எங்கே உள்ளது? தேடிப் பார்த்தும் நமக்குத் தென்படவில்லை.

இனி, சட்டம் தொழிலாளர்க்கு என்ன தருகிறது என்பதையும் பார்ப்போம். நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வளிக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின்படி பிள்ளை பெற்ற தாய்க்கு 60 நாள் விடுப்பு இருந்தது. 2023ஆம் ஆண்டு சனவரி முதல் அது 98 நாளாக உயர்ந்தது. வாரத்தின் வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆனால் ஒரு கேள்வி: தாயின் விடுப்பு 98ஆம் நாளோடு முடிகிறது, 99ஆம் நாள் காலையில் அக்குழந்தையை ஏந்திக்கொள்வது யாருடைய கை? பல வீடுகளில் அது பாட்டியின் கை. அந்தக் கைக்கு 45 மணிக் கணக்கும் இல்லை. ஓய்வு நாளும் இல்லை.

குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கென 1984ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதனையொட்டிய விதிகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளாயின் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர் இருத்தல் வேண்டும். ஒரு வயதுக்கு மேல் மூன்று வயதுக்குட்பட்டோராயின் ஐவருக்கு ஒருவர். பயிற்சி பெற்ற இளம்பெண்களுக்கே இத்தகைய வரம்பு தேவைப்படுகிறது. மூட்டு வலியோடு மாடிப்படி ஏற இயலாத நம் பாட்டியிடம், கைக்குழந்தை ஒன்று, தவழும் குழந்தை ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் இருவர் என நால்வரை ஒப்படைத்துவிட்டு, சமையலும் செய்யச் சொல்வது எவ்வகை நியாயம்?

சுவீடன் நாட்டிலிருந்து ஒரு செய்தி. அங்கே பெற்றோர்க்கு அரசாங்கம் வழங்கும் சம்பளத்துடன் கூடிய குழந்தை வளர்ப்பு விடுப்பில் ஒரு பகுதியைத் தாத்தா பாட்டிக்கும் மாற்றிக் கொடுக்கலாம் என்று 2024ஆம் ஆண்டு சூலை முதல் சட்டம் வந்துள்ளது. அதாவது, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு அரசாங்கமே ஊதியம் தருகிறது. நம் நாட்டிலும் நாளையே அவ்வாறு வரும் என்று நாம் கூறவில்லை. பாட்டியின் உழைப்பு மதிப்பிடத் தக்கது என்பதை உலகம் உணரத் தொடங்கிவிட்டது என்பதையே சுட்டிக்காட்டுகிறோம். அன்றைய தோட்டக் கணக்குப் புத்தகம் அறிந்திருந்த உண்மை அது.

"பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவது பாட்டிக்கு இன்பமன்றோ? தாய்க்கும் மகளுக்கும் இடையே மணிக்கணக்குப் பார்ப்பதா? அது நம் பண்பாடா?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. பேரனின் மழலையைக் கேட்டுத் தம் மூட்டு வலியை மறக்கும் பாட்டிமாரை நாமும் அறிவோம். "பிள்ளைகளை என்னிடமிருந்து பிரித்துவிடாதே" என்று அவர்களே சொல்வர். ஆயின், வலியை மறப்பது வேறு; வலி இல்லாமற் போவது வேறு. 2018ஆம் ஆண்டில் மலேசிய முதியோரிடையே நடத்தப்பெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்த அழுத்த நோயும், நான்கில் ஒருவருக்கும் மேலாக நீரிழிவு நோயும் இருந்தன. மருத்துவமனை அட்டையில் தேதி குறித்திருக்கும். அன்றைக்குப் பார்த்துப் பேரனுக்குக் காய்ச்சல் வரும். அல்லது மகளுக்கு விடுப்புக் கிடைக்காது. "என் மருந்து எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் பாட்டி. அந்த அடுத்த வாரம் வராமலே போன வீடுகளும் உண்டு. இன்பம் என்று அவர் சொல்வதை நம் வசதிக்குச் சான்றாக்கிக் கொள்வது பண்பாடாகாது.

பாட்டி கேட்கமாட்டார், அதுதான் இதில் உள்ள இடர். 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி ஏற்பட்டபின், மரம் வெட்டிய பெண்களுக்கும் முதுமைக்கென ஒரு சிறு தொகை சேர்ந்தது. அத்தொகை வீட்டுக்கு முன்பணமாகவும் பிள்ளையின் திருமணச் செலவாகவும் போன கதை நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. கொடுத்தே பழகிய கை அது. கோயிலுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் வேண்டுமென்றாலும், மகனிடம் வாய்திறந்து கேட்க நாணும்.

மாணவச் செல்வங்களே, பாட்டி உங்களுக்குச் சோறும் காவலும் மட்டும் தருவதில்லை. ஆப்பிரிக்காவின் தன்சானியா நாட்டில், காட்டில் கிழங்கு அகழ்ந்தும் வேட்டையாடியும் வாழும் ஹட்சா என்னும் மக்களிடையே அமெரிக்க மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய துணைவரும் தங்கி ஆராய்ந்தனர். தாய் புதிதாய்ப் பிறந்த குழந்தையோடு இருக்கும் காலத்தில், மூத்த பிள்ளைகளுக்குக் கிழங்கு அகழ்ந்து ஊட்டி வளர்ப்பது பாட்டியே என்று அவர்கள் கண்டனர். மனித இனம் தழைத்ததற்கே பாட்டிமாரின் உழைப்பு ஒரு காரணமாகலாம் என்பது அவர்தம் கருத்து. நம் தமிழிலும் பாருங்கள்! பள்ளியில் நீங்கள் முதன்முதலாகப் படிக்கும் அறநூலாகிய ஆத்திசூடியைத் தந்தவரை நாம் ஔவைப் பாட்டி என்றே அழைக்கிறோம். அறிவைச் சொல்லும் வாய்க்குத் தமிழர் கொடுத்த உருவம் பாட்டியின் உருவமே.

மேலும் ஒன்று. 1970ஆம் ஆண்டில் மலேசியப் பெண் ஒருவர் தம் வாழ்நாளில் பெற்ற பிள்ளைகள் சராசரி 4.9, 2022ஆம் ஆண்டில் அது 1.6ஆகக் குறைந்துவிட்டது. இதன் பொருள் என்ன? உடன்பிறந்தார் இல்லாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். சித்தி, சித்தப்பா, அத்தை, மாமா என்னும் சொற்கள் பாடநூலில் இருக்கும். வீட்டில் அவற்றைச் சொல்லி அழைக்க ஆள் இருக்கமாட்டார். இந்நிலையில், அத்தை மகனும் பெரியம்மா மகளும் ஒரே பாயில் உறங்கி, ஒரே தட்டுக்குச் சண்டையிட்டு, "இவன் உனக்கு அண்ணன் முறை, பெயர் சொல்லி அழைக்காதே" என்று கண்டிக்கப்பட்டு வளரும் ஒரே இடம் பாட்டியின் வீடே. உறவு முறைகளை மட்டுமன்று, தமிழையும் அங்கேதான் பிள்ளைகள் வாய் நிறையப் பேசுகின்றனர். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் சிதறிக்கிடக்கும் குடும்பமெல்லாம் ஒன்றுகூடிச் செல்கிறதென்றால், அக்கூட்டத்தின் நடுவே ஒரு பாட்டி இருப்பார். அவர் தளர்ந்து விழுந்தால் ஒருவர் மட்டும் விழுவதில்லை. குடும்பத்தைக் கட்டியிருக்கும் கயிறே அறுந்து போகிறது.

ஆகவே, பெற்றோர்களிடம் பணிவுடன் சிலவற்றை வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு நாளைப் பாட்டியின் ஓய்வு நாள் என்று குறித்துவிடுங்கள். அன்று அவர் அடுப்படிக்குச் செல்ல வேண்டா. தூளியைத் தொட வேண்டா. மகள் மட்டுமன்று, மகனும் மருமகனும் அன்று சமைக்கட்டும். ஆண்கள் கரண்டி பிடித்தால் குடும்ப மானம் கெட்டுவிடாது. மருத்துவமனைத் தேதியைப் பிள்ளைகளின் தேர்வுத் தேதிக்கு நிகராக நாட்காட்டியில் வட்டமிடுங்கள். மாதந்தோறும் ஒரு தொகையை, அவர் கேட்குமுன், பிள்ளைகளின் கண்முன்னே அவர் கையில் கொடுங்கள். அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பற்றிய குறை ஏதும் இருப்பின் தனியே சொல்லுங்கள். "பாட்டி கொடுத்த செல்லத்தால்தான் இவன் கெட்டான்" என்று பிள்ளையின் காதுபடக் கூறினால், மறுநாள் அவனை அடக்கும் உரிமையை அவரிடமிருந்து நீங்களே பறித்தவர்களாவீர்கள். நால்வரைப் பார்க்க அவரால் இயலாதெனில், இருவரை வேறிடத்தில் விட வழி தேடுங்கள். அதற்காகும் செலவு, அவர் இத்தனை ஆண்டுகள் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தந்த பணத்தில் ஒரு சிறு பங்கே.

மாணவர்களே, உங்களாலும் ஆவது உண்டு. உங்கள் புத்தகப் பையை நீங்களே சுமந்து செல்லுங்கள். உண்ட தட்டை நீங்களே கழுவுங்கள். பாட்டி ஒன்று கேட்டால் தமிழில் முழு வாக்கியமாக விடை கூறுங்கள். அவருடைய ஓய்வு நாளில் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு அருகில் அமர்ந்து, "பாட்டி, நிரை என்றால் என்ன? காண்டா வாளி என்றால் என்ன? நீங்கள் எந்த லயத்தில் இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வையுங்கள். நம் வட்டாரத்தில் மறைந்த தோட்டங்களுக்குக் கல்வெட்டு இல்லை. அந்த மூதாட்டியரின் நினைவே கல்வெட்டு. அதனைப் படியெடுக்க உங்களைவிட நெருங்கியவர் எவருமில்லை.

முதியோர்க்கென ஒரு நாளை உலகமும் ஒதுக்கியுள்ளது. ஐக்கிய நாட்டு மன்றம் 1990ஆம் ஆண்டில் எடுத்த முடிவின்படி அக்டோபர் 1ஆம் நாள் அனைத்துலக முதியோர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மாலை அணிவித்துப் படம் எடுத்துக்கொள்ள அந்த ஒரு நாள் போதும். ஆனால் பாட்டியின் முழங்கால் ஆண்டு முழுவதும் வலிக்கிறது. ஆண்டுக்கு ஒரு மாலையைக் காட்டிலும், வாரத்திற்கு ஓர் ஓய்வு நாளே அவருக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பு.

நாளை பிற்பகல் பள்ளி மணி ஒலிக்கும். வேலியோரத்து நிழலில் பாட்டி நின்றிருப்பார். வழக்கம்போலப் பையை வாங்கக் கை நீட்டுவார். "வேண்டாம் பாட்டி, நானே தூக்கிக்கொள்கிறேன், குடையை மட்டும் நீங்கள் பிடியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் கண்டபின், வீட்டில் ஓய்வு நாள் கேட்டு வாதாடும் முதல் வழக்கறிஞர் நீங்களாகவே இருப்பீர்கள்.